காசுக்கு ஓரிடம் முன்னால்

நானூறு பேர் உட்காரும் ஒரு போக்கர் டோர்னமென்ட்டில் ஏறக்குறைய 60 பேருக்குத்தான் பரிசு இருக்கும். 61-ஆவது ஆளாக எழுந்து போகிறவரும், முதல் கையிலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்தவரும் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். இருவருக்கும் நடுவே பத்து மணி நேர உழைப்பு வித்தியாசம் இருக்கலாம். பணத்தில் ஒரு ரூபாய் வித்தியாசம் கிடையாது. அந்த 61-ஆவது இடத்தைத்தான் ஆட்டக்காரர்கள் பப்பிள் என்கிறார்கள். அது நெருங்க நெருங்க மேசையில் பேச்சு குறையும். அதுவரை கலகலப்பாக ஆடிக்கொண்டிருந்தவர்கள், இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று சுவரில் ஓடும் திரையை அடிக்கடி பார்ப்பார்கள். நல்ல சீட்டைக்கூட யோசித்து யோசித்துக் கீழே போடுவார்கள்.

இந்த ஆட்டத்தில் நான் சம்பாதித்ததில் பெரும்பகுதி அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் சேர்த்த சிப்பிலிருந்து வந்தது. அந்தச் சிப் நல்ல சீட்டு வந்து சேர்ந்ததும் இல்லை. மேசையில் எல்லோரையும்விட அதிக சிப் என் முன்னால் இருக்கும்போது, யார் எதை இழக்கப் பயப்படுகிறார்கள் என்று பார்ப்பேன். அந்தப் பயம் இருக்கும் பக்கமாக மட்டும் பந்தயத்தை ஏற்றுவேன். சிப் அதிகம் இருந்தால் எதிரில் வருகிற எல்லோரையும் அடிக்கலாம் என்று நினைப்பது புதிதாக வருகிறவர்களின் பழக்கம். யாரை அடிப்பது, யாரைத் தொடாமல் விடுவது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

போர்ட் பிளேரில் அபர்டீன் பஜாரை ஒட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவித்தார்கள். பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. சீட்டு எனக்குக் கப்பலில் பழக்கமானது. சென்னையிலிருந்து ஹேடோ துறைக்கு வந்து சேர மூன்று நாள் பிடிக்கும். பங்க் வகுப்பில் படுக்கை ஓரமாகத் துண்டை விரித்து, மாமா, சித்தப்பா, பெயர் தெரியாத சக பயணி என்று எல்லோரும் ரம்மி போடுவார்கள். போக்கரைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கொல்கத்தா நண்பர்கள். இந்தத் தீவுகளுக்கும் கொல்கத்தாவுக்கும் பழைய உறவு. எங்கள் வழக்குகளை விசாரிப்பதே கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வுதான். மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், பிரிட்ஜ், போக்கர், ரம்மி போன்ற சீட்டாட்டங்களைச் சூது என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. அதனால் அந்த ஊர்ப் பையன்களுக்குப் போக்கரை ஒளித்து ஆடும் கூச்சம் இருக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரர்கள். சிப் வேறு, காசு வேறு என்று முதன்முதலில் தாளில் எழுதிக் காட்டியது அவர்கள்தான்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. உலகப் போக்கர் தொடர் 1970-இல் லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கூடத்தில் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் முதன்மைப் போட்டியில் ஜெயித்தவருக்கே மொத்தப் பணமும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பப்பிளுக்கு இடமே இல்லை. இரண்டாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் ஒன்றுதான் என்பதால் சிப் இரட்டித்தால் அதன் விலையும் இரட்டிக்கும். 1978-இல் பரிசை முதல் ஐந்து பேருக்குப் பிரித்தார்கள். ஐந்தாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் நடுவே ஒரு பயம் குடியேறியது அப்போதுதான். மேசன் மால்மத் 1987-இல் எழுதிய புத்தகத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் கையில் இருக்கும் சிப்பின் பங்கைக் கொண்டு அவர் முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் வாய்ப்பைக் கண்டுபிடித்து, அதை அந்தந்த இடத்தின் பரிசோடு பெருக்கிக் கூட்டினால் அவருடைய சிப்புக்கு இந்த நிமிஷத்து விலை வந்துவிடும். ஆட்டக்காரர்கள் இதை ஐசிஎம் என்பார்கள். இன்று மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பார்த்தவருக்குத்தான் அது மனசில் நிற்கும்.

நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம். பரிசு 50,000, 30,000, 20,000 ரூபாய். மேசையில் மொத்தம் 10,000 சிப். முதல்வரிடம் 5,000, நடுவில் இரண்டு பேரிடம் ஆளுக்கு 2,000, கடைசி ஆளிடம் 1,000. கணக்குப் போட்டால் முதல்வருடைய சிப்பின் விலை சுமார் 37,200 ரூபாய். நடுவில் இருப்பவர்களுக்கு ஆளுக்குச் சுமார் 24,300. கடைசி ஆளுக்குச் சுமார் 14,200. பாதிச் சிப்பை வைத்திருக்கிறவருக்குப் பாதிப் பணம் வரவில்லை. பத்தில் ஒரு பங்கு சிப் வைத்திருக்கிறவருக்கோ பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே வருகிறது.

இப்போது முதல்வரும் நடு ஆள் ஒருவரும் மோதுகிறார்கள். இருவரும் இறக்குவது அதே 2,000 சிப்தான். நடு ஆள் தோற்றால் அந்த 24,300 ரூபாயும் போய் எழுந்துவிட வேண்டும். ஜெயித்தால் அவருடைய சிப் 4,000 ஆகும், விலையோ 33,600-க்குத்தான் ஏறும். ஆக, 9,300-ஐப் பிடிக்க 24,300-ஐப் பணயம் வைக்கிறார். முதல்வர் தோற்றால் 7,700 குறையும். ஜெயித்தால் 6,300 கூடும். தோற்றாலும் அவர் மேசையை விட்டு எழ வேண்டியதில்லை. சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் குருட்டுப் பந்தயங்களை, அதாவது பிளைண்டுகளை, ஒதுக்கிவைத்துப் பார்த்தால், நடு ஆள் இந்த மோதலுக்குத் துணிய 100-க்கு 72 தடவைக்கு மேல் ஜெயிக்கும் சீட்டு வேண்டும். எதிரே இருப்பது என்ன சீட்டென்றே தெரியாதபோது ஏஸ்-கிங்கூட 100-க்கு 65, 67 தடவைதான் ஜெயிக்கும். பத்து ஜோடியோ அதற்கு மேலோ வந்தால்தான் அவர் நிம்மதியாக இறங்கலாம். அப்படிப்பட்ட ஜோடி சராசரியாக 44 கைக்கு ஒரு தடவைதான் வரும். மற்ற 43 கைகளிலும் முதல்வர் தன் சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே சிப் முழுவதையும் தள்ளினாலும் நடு ஆள் சீட்டைப் போட்டுவிட வேண்டியதுதான். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை சீட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எதிரே இருக்கிறவரின் நிலையை வைத்து ஆட ஆரம்பித்தேன்.

ஃபீனிக்ஸ் பே துறையில் தீவுக் கப்பல் டிக்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். சீசன் நாளில் அந்த வரிசையில் நடுவில் நிற்கிறவர்தான் ஒரு டீ குடிக்கக்கூட நகர மாட்டார். முன்னால் நிற்கிறவருக்கு டிக்கெட் நிச்சயம். கடைசியில் நிற்கிறவருக்குக் கிடைக்காது என்று தெரியும், அவர் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வருவார். நடுவில் நிற்கிறவருக்குக் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். பப்பிளில் நான் தேடுவது அந்த நடு ஆளை.

இந்தக் கணக்கு கைப்பழக்கமாக வர வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கைகள் ஆடியிருக்க வேண்டும். அதற்கு இணையம் வேண்டும். எங்கள் தீவுகளுக்கு அது வெகுகாலம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கி, பதில் அதே வழியாகத் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகும். அந்த அரை நொடியைப் பொறுத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் மழை பிடித்துவிட்டால் இணைப்பே நடுவில் போய்விடும். சிப் குவிந்திருக்கும் ஆள் காணாமல் போனால் தளம் அவர் சீட்டைத் தானாகவே மடக்கிக்கொண்டே இருக்கும். மேசையில் அவருக்குப் பயந்தவர்கள் அவருடைய பிளைண்டையே எடுக்கத் தொடங்குவார்கள். முதன்மையானவர் என்ற பலம் ஆள் உட்கார்ந்திருக்கும்வரைதான். அதனால் அந்தக் காலத்தில் பெரிய டோர்னமென்ட் ஆட வேண்டுமென்றால் சென்னைக்கு வந்து நண்பர் வீட்டில் தங்கித்தான் ஆடினேன்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் த்வீப், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் என்று ஏழு இடங்களுக்கு அது போகிறது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் அது என்ன செய்தது என்று எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். எனக்கு அது வீட்டு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பெரிய டோர்னமென்ட் ஆடும் வசதியைத் தந்தது. சாயங்காலம் தொடங்கும் போட்டியில் பப்பிள் நள்ளிரவு வாக்கில் வரும். இறுதி மேசை முடியும்போது எங்கள் ஊரில் விடிந்துவிடும். இந்திய நேரத்தை வைத்துக்கொண்டு கிழக்கே இவ்வளவு தள்ளி இருப்பதால் எங்களுக்குக் காலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும்.

எங்களுக்குக் கதவு திறந்த அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டில் கதவு மூடியது. பணம் கட்டி இணையத்தில் ஆடும் ரம்மியையும் போக்கரையும் அவசரச் சட்டம் தடுத்தது. அதன் வழியில் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் இன்னொரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்திருந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. இந்த இழுபறிக்குப் பின்னால் இருந்த துயரம் உண்மையானது. இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. டோர்னமென்ட்டில் நுழைவுக் கட்டணத்துக்கு மேல் இழக்க முடியாது என்பது ஒரு பாதுகாப்பு. அந்தக் கட்டணம், இதற்கென்று ஒதுக்கிய தொகையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்தத் தொகையும் வீட்டுச் செலவிலிருந்தோ கடனாகவோ வந்திருக்கக் கூடாது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் சீட்டைத் தொடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். ஒப்புக்கொள்ளாதவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

2025 ஆகஸ்ட் 22 அன்று பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பெரிய போக்கர் தளங்கள் அந்த நாட்களிலேயே பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் லாஸ் வேகஸில் 2,50,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டியை ஜெயித்து சந்தோஷ் சுவர்ணா 54 லட்சம் டாலர் வாங்கியிருந்தார். உலகத்தின் மிகக் கடினமான மேசையில் ஓர் இந்தியர். இப்போது என்னைப் போன்றவர்களுக்கு மிஞ்சியிருப்பது நேரில் உட்கார்ந்து ஆடும் டோர்னமென்ட். அதற்குக் கோவாவுக்குத்தான் போக வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து சென்னை, அங்கிருந்து கோவா. பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பலுக்குப் படகில் ஏறிப் போக வேண்டும். பாதி வாழ்க்கை கப்பலில் போனவனுக்கு அது சிரமமாகத் தெரியவில்லை.

நேரில் ஆடும்போது பப்பிள் இன்னும் அழுத்தமானது. அப்படி ஒரு மேசையைச் சொல்கிறேன். 55 பேர் மிச்சம், 54 பேருக்குப் பரிசு. போட்டி இயக்குநர் மைக்கில் அறிவித்துவிட்டார்: இனி எல்லா மேசையும் ஒரே நேரத்தில் ஒரு கை ஆட வேண்டும், எல்லோரும் முடித்த பிறகே அடுத்த கை. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே ஐந்து நிமிஷம்கூட ஆகும். டீலர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஆடுகிறவர்கள் எழுந்து நின்று பக்கத்து மேசையில் யாராவது ஆல்-இன் போயிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். அங்கே சின்ன ஸ்டாக்காரர், அதாவது சிப் குறைவாக வைத்திருப்பவர், தப்பித்து இரட்டித்துவிட்டால் கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும்.

பிளைண்ட் 2,000, 4,000. பிக் பிளைண்டில் இருப்பவர் மேசைக்காக ஆன்டி என்ற இன்னொரு கட்டாயப் பந்தயமும் 4,000 போடுவார். ஆக, யாரும் ஆடுவதற்கு முன்பே நடுவில் 10,000 கிடக்கும். என்னிடம் 3,80,000. என் வலப்பக்கத்தில் 3,00,000 வைத்திருந்த பெங்களூர் இளைஞர்; மேசையில் என்னைக் காயப்படுத்தக்கூடியவர் அவர் ஒருவரே. அவர் எனக்கு முன்னால் ஆட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது என் அதிர்ஷ்டம். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நான் முடிவு செய்யலாம். இடப்பக்கத்தில் வரிசையாக மூன்று நடு ஸ்டாக்: 1,10,000, 60,000, 90,000.

எல்லோரும் போட்டுவிட்டு என்னிடம் வந்தபோது கையில் ஒன்பதும் ஆறும். 8,000-க்கு ஏற்றினேன். 8,000 வைத்து 10,000 எடுக்கப் பார்க்கிறேன் என்றால், 100-க்கு 45 தடவை மூவரும் போட்டுவிட்டாலே எனக்கு நஷ்டம் இல்லை. சாதாரண நேரத்தில் மூன்று பேரும் சேர்ந்து போட்டுவிடுவது அத்தனை எளிதில் நடக்காது. பப்பிளில் ஒவ்வொருவரும் ஐந்துக்கு நான்கு தடவை போடுவார்கள். மூவரும் சேர்ந்து போடுவது பாதிக்கு மேல் வந்துவிடும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எனக்கு அடுத்து. சீட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தூக்கிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சீட்டை டீலர் பக்கம் தள்ளினார். அடுத்தவர் பார்க்கக்கூட இல்லை. மூன்றாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டார். 10,000 என் பக்கம் வந்தது. சுற்றுக்கு என் பிளைண்டும் ஆன்டியும் சேர்ந்து 10,000. இப்படி ஒரு தடவை எடுத்தாலே அது அடைந்துவிடும், அதற்கு மேல் எடுப்பதெல்லாம் லாபம். அன்று ஒரு சுற்றில் நான்கு தடவை எடுத்தேன். எதிலும் காட்டும்படியான சீட்டு கிடையாது.

பிறகு ஒரு கையில் எல்லோரும் போட்டுவிட, நான் ஸ்மால் பிளைண்ட், அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பிக் பிளைண்ட். இதற்குள் தேய்ந்து 60,000-க்கு வந்திருந்தார். குயினும் நாலும் வைத்துக்கொண்டு அவருடைய முழு ஸ்டாக்குக்கும் தள்ளினேன். வெகுநேரம் யோசித்தார். சீட்டின் மேல் காவலுக்கு வைத்திருந்த நாணயத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போட்டார். ஏஸ்-குயின்.

“தம்பி, அந்த ஓரத்து டேபிள்ல ஒருத்தர் மூணு பிளைண்டோட உக்காந்திருக்காரு. அவருக்கு முன்னாடி நான் எதுக்கு எந்திரிக்கணும்?” என்றார்.

“சரிதாங்கண்ணே” என்றேன்.

கணக்குப்படி அது சரியில்லை. நால்வர் மேசையில் போட்ட கணக்கு 54 பேர் பரிசு வாங்கும் போட்டிக்கு அப்படியே பொருந்தாது. 54-ஆவது பரிசு சிறியது, நுழைவுக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பெரிய பணம் மேலே இருக்கிறது. நடுவில் கிடந்த சிப்பையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஏஸ்-குயினை வைத்து அவர் கால் செய்திருக்கலாம், அதாவது என் பந்தயத்துக்கு ஈடு கொடுத்து ஆடியிருக்கலாம். அவரைத் தடுத்தது ஐசிஎம் காட்டும் பயத்துக்கு மேலே இருந்த இன்னொரு பயம். மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார், விடுப்புப் போட்டு, டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார், வீட்டுக்குப் போன் பண்ணிப் பரிசில் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். முதல் பயத்தை மென்பொருள் சொல்லித்தரும். இரண்டாவது பயத்தை மேசையில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும், அதில்தான் அதிக சிப் கிடக்கிறது. யார் திரையைப் பார்க்கிறார், யார் தன் சிப்பை அடிக்கடி எண்ணுகிறார், யார் நேரம் முடியட்டும் என்று ஒவ்வொரு கைக்கும் மெதுவாக யோசிக்கிறார் என்று பப்பிள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

அந்த இரண்டு பயமும் இல்லாதவர்கள் உண்டு. அவர்களிடம் வேகத்தைக் காட்டினால் சிப்தான் போகும். நுழைவுக் கட்டணத்தை ஒரு ராத்திரி விருந்துச் செலவாக நினைக்கும் பணக்காரர். அவருக்குப் பரிசில் வருவதும் வராததும் ஒன்று, ஜோடி ஒன்று கிடைத்தால் கால் செய்துவிடுவார். அவருக்கு எதிரே நல்ல சீட்டு வரும்வரை நான் அசைய மாட்டேன். இன்னொரு பெரிய ஸ்டாக், அதாவது அந்த பெங்களூர் இளைஞர். எங்கள் இருவருக்கும் மோதுவதில் இருக்கும் நஷ்டம் மேசையில் வேறு யாருக்கும் இல்லை, அதனால் அவர் ஏற்றியபோது நல்ல கைகளையே போட்டேன், அவரும் எனக்கு அதே மரியாதை செய்தார். அப்புறம், கணக்குத் தெரிந்த நடு ஸ்டாக்காரர். நான் எதை வைத்தும் ஏற்றுவேன் என்று அவருக்குத் தெரியும். திடீரென்று முழு ஸ்டாக்கையும் என் மேல் தள்ளுவார். அப்போது ஒன்பது-ஆறை உடனே போட்டுவிட வேண்டும். போவது 8,000. ஏற்றும்போது சிறிதாக ஏற்று, எதிர்ப்பு வந்தால் மறு பேச்சில்லாமல் விடு: பெரிய ஸ்டாக்கின் ஆக்ரோஷம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். கௌரவம் பார்த்து மூன்றாவது தடவையும் மோதுகிறவர்கள் பப்பிளுக்குள் முதல்வராக நுழைந்து நடு ஸ்டாக்காக வெளியே வருகிறார்கள்.

சின்ன ஸ்டாக் விஷயம் நுட்பமானது. மூன்று பிக் பிளைண்டுக்கான சிப் மட்டும் வைத்திருப்பவர் எந்தச் சீட்டுக்கும் துணிவார், அவரை ஏமாற்றித் துரத்த முடியாது. அதோடு, அவர் இருக்கும்வரைதான் நடு ஸ்டாக்காரர்கள் எனக்குப் பயப்படுகிறார்கள். அவர் எழுந்த நிமிஷம் பப்பிள் முடிந்தது, என் வருமானமும் முடிந்தது. அவர் தள்ளியதைச் சுமாரான சீட்டு வைத்துக்கொண்டு கால் செய்யலாமா என்று சந்தேகம் வந்தால், நான் போட்டுவிடும் பக்கம் சாய்வேன். இது என் சொந்த முடிவாக இருக்கும்வரை ஆட்டம். பக்கத்தில் இருப்பவரோடு கண்ணைக் காட்டி, அவரைக் காப்பாற்றுவோம் என்றோ சேர்ந்து அடிப்போம் என்றோ பேசி வைத்துக்கொண்டால் அது திருட்டு. எல்லா நல்ல போட்டியிலும் அதற்குத் தண்டனை உண்டு. அப்படிச் செய்கிறவர்களோடு நான் மறுபடி உட்காருவதில்லை.

பணத்துக்குப் பதிலாகப் பெரிய போட்டிக்கு நுழைவுச் சீட்டுத் தரும் டோர்னமென்ட்டில் இதெல்லாம் இன்னும் கூர்மையாகும். பத்து நுழைவுச் சீட்டு என்றால் முதலாவது வந்தவருக்கும் பத்தாவது வந்தவருக்கும் ஒரே சீட்டுதான். அங்கே பதினொரு பேர் மிச்சம் இருக்கும்போது நடு ஸ்டாக்காரர் ஏஸ் ஜோடியையே போட்டுவிட வேண்டிய நிலை வரும். பெரிய ஸ்டாக்காரர் தள்ளிக்கொண்டே இருக்கலாம். ஆனால் நுழைவுச் சீட்டு உறுதியாகும் அளவுக்குச் சிப் சேர்ந்த பிறகு அவருக்கும் ஆட எந்தக் காரணமும் கிடையாது. இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே சரியான ஆட்டம்.

கோவாவில் அன்று அந்த மூன்று பிளைண்ட்காரர் கடைசியில் தன் பிக் பிளைண்டில் எழுந்தார். எல்லோரும் கை தட்டினார்கள், ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரமாக என்னிடம் போட்டுக்கொண்டே இருந்தவர்கள் முகத்தில் இறுக்கம் போயிருந்தது. அந்த நிமிஷத்தில் என் ஆட்டத்தை நான் தலைகீழாக மாற்றுவேன். பரிசு உறுதியாகிவிட்டதால் 10, 12 பிளைண்ட் வைத்திருப்பவர்கள் இனி வரிசையாகத் தள்ளப் போகிறார்கள். நான் இதுவரை எடுத்ததையெல்லாம் திருப்பி எடுக்க அவர்களுக்கு வேகம் வந்திருக்கும். ஒன்பது-ஆறுக்கு இனி வேலை இல்லை. முதல் இரண்டு சுற்றுக்கு ஏற்றுவதைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் தள்ளுவதை ஏஸ்-ஜாக், எட்டு ஜோடி போன்ற கைகளால் கால் செய்வேன். கோயம்புத்தூர்க்காரர் மூன்றாவது கையிலேயே கிங்-பத்தை வைத்துத் தள்ளினார். என்னிடம் ஏஸ்-ஜாக் இருந்தது, நின்றது. எழுந்து கை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இறுதி மேசைக்கு முந்தைய பத்தாவது இடம். அங்கே இரண்டு மேசையிலும் மறுபடி நடு ஸ்டாக்காரர்கள் திரையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.